டயருக்குள் பத்து ரூபாய்

வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் ஒரு புளியமரத்தடி. சீட்டையும் ஹேண்டில்பாரையும் தரையில் ஊன்றித் தலைகீழாக நிற்கிறது என் சைக்கிள். பின்சக்கரத்து டயரின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு வெட்டு. பாட்டில் சில்லு ஏதோ கிழித்திருக்க வேண்டும். டியூப்பை வெளியே எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து பேட்ச் ஒட்டினேன். மறுபடி மாட்டிக் காற்றடித்தேன். இருபது, இருபத்தைந்து அடி அடித்திருப்பேன். அந்த வெட்டு மெல்ல வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து டியூப் எட்டிப் பார்த்தது. முதலில் மிளகு அளவு. அப்புறம் சுண்டைக்காய். அப்புறம் நெல்லிக்காய். ‘அட, வருதே’ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டப்.

இன்னும் பெரிய பேட்ச் ஒன்றை ஒட்டினேன். அதற்கும் அதே கதி.

இதையெல்லாம் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். கேரியரில் புல்லுக்கட்டு வைத்த சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

“எத்தினி வாட்டி ஒட்டுவ தம்பி? டியூப்புக்கு ஒண்ணும் இல்ல. டயரு இல்ல கிழிஞ்சிருக்குது?”

“டயரை ஒட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்களே.”

“பத்து ரூபா நோட்டு இருக்குதா?”

டீ குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் நோட்டை நாலாக மடித்தார். டயரை விரித்து, வெட்டுக்கு நேர் உட்புறமாக அந்த மடிப்பை வைத்தார். அது நகராமல் விரலால் பிடித்துக்கொண்டே, மூன்றாம் முறையாக ஒட்டிய டியூப்பை அதன்மேல் படியவிட்டு டயரை ரிம்மில் ஏற்றினார். “மெள்ளமா அடி” என்றார். அடித்தேன். வெட்டு வாய் திறந்தது. உள்ளே காந்தியின் கண்ணாடிச் சட்டமோ, அசோகச் சின்னமோ, ஏதோ காவி நிறத்தில் கொஞ்சம் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தமானி 50 பாயிண்ட் காட்டியது. பெரியவர் கட்டைவிரலால் வெட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “காஞ்சிபுரத்துல வேற டயரு போட்டுக்க. நோட்ட மறந்துடாத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மைல்கல்லில் காஞ்சிபுரம் 18 கிலோமீட்டர் என்றிருந்தது. அந்தப் பதினெட்டு கிலோமீட்டரும் ஒரே கேள்விதான் கூடவே உருண்டு வந்தது. தாளைவிட ரப்பர் தடிமன். தாளை இரண்டு விரலால் கிழித்துவிடலாம், ரப்பரைக் கிழிக்க முடியாது. அப்படியிருக்க, ரப்பர் தோற்ற இடத்தில் தாள் எப்படி நின்றது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். காற்றைத் தாங்குவது டியூப் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டியூப்பை டயரிலிருந்து எடுத்து வெறுமனே காற்றடித்துப் பாருங்கள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தட்டில் முக்குவதற்கு முன் கொஞ்சம் காற்றடிப்பாரே, அதைப்போல இரண்டு மடங்கு அடியுங்கள். டியூப் பாம்பு எலியை விழுங்கியதுபோல ஒரு பக்கம் உப்பும், தொடை அளவுக்குப் பெருக்கும். அழுத்தமானியை வைத்தால் முள் எழுந்திருக்கவே சோம்பும். 50 பாயிண்ட் எங்கே, இது எங்கே! டியூப்பின் வேலை காற்றைக் கசியவிடாமல் பிடித்துவைப்பது மட்டும்தான். தண்ணீர் பிடிக்கும் பாலித்தீன் பையைக் கோணிக்குள் வைத்ததுபோல. பை ஒழுகவிடாது, பளுவைக் கோணி பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கோணி டயருக்குள் நிஜமாகவே இருக்கிறது. நன்றாகத் தேய்ந்துபோன பழைய டயரைப் பாருங்கள்; ரப்பர் உதிர்ந்த இடத்தில் குறுக்கும் மறுக்குமாக நூல் இழைகள் தெரியும். காற்று டயரை யோசித்த முதல் நாளிலிருந்தே இந்த இரட்டை ஏற்பாடு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காப்புரிமை வாங்கிய சக்கரத்தில், ரப்பர் ஏற்றிய கித்தான் குழாய்க்குள் காற்று, அதற்கு மேலே தோல் உறை. அது குதிரை வண்டிகளுக்கானது, எடுபடவில்லை, மறந்துபோனார்கள். 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே புதிதாகக் கண்டுபிடித்தார். தாம்சன் என்று ஒருவர் இருந்தது அவருக்குத் தெரியாது. மரத் தட்டின் விளிம்பில் ரப்பர்க் குழாயை வைத்து, மேலே லினன் துணியைச் சுற்றி ஆணியடித்தார். அதையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியில் சாய்ந்தது. துணி சுற்றியது முற்றத்தின் மறுகோடி வரை போய் மோதித் திரும்பியது. அந்தச் சோதனையை நாம் ரப்பரின் வெற்றி என்று சொல்லிவருகிறோம். லினனுக்கும் பாதிப் பங்கு உண்டு.

ஆக, வெட்டு விழுந்தபோது என் டயரில் அறுந்தது ரப்பர் என்பதைவிட, துணி. துணி இல்லாத அந்த இடத்தில் டியூப் தன்னந்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

அந்த மல்லுக்கட்டில் எவ்வளவு பளு? சைக்கிள் கடையில் பாயிண்ட் என்று சொல்வது ஒரு சதுர அங்குலத்தில் அழுத்தும் பவுண்டுக் கணக்கு. 50 பாயிண்ட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. நம்மூரில் எல்லோர் வீட்டிலும் இருந்த 28 அங்குல சைக்கிளின் ஒன்றரை அங்குல டியூப்பை எடுத்துக்கொண்டால், அதன் உட்புறம் முழுக்கக் காற்று தள்ளுகிற தள்ளலைக் கூட்டினால் எட்டு டன்னைத் தாண்டும். ஒரு லோடு மணல். இதைக் கேட்டால் பத்து ரூபாய் நோட்டை நம்பத் தோன்றாது. ஆனால் நோட்டின் பொறுப்பு அந்த எட்டு டன் இல்லை. வெட்டு ஒரு சென்டிமீட்டர் நீளம், நடுவில் நாலு மில்லிமீட்டர் திறப்பு. அந்தப் பிளவின் பரப்பில் காற்று தள்ளுவது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதாவது ஒரு பாக்கெட் துவரம்பருப்பு. மீதி எட்டு டன்னையும் நல்ல நிலையில் இருக்கும் டயர்த் துணி வழக்கம்போலச் சுமந்துகொண்டிருக்கிறது.

ஓட்டை பெரிதானால் கணக்கு மோசமாகும், அதுவும் வேகமாக. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஓட்டை என்றால் தள்ளல் இரண்டே முக்கால் கிலோ. மூன்று சென்டிமீட்டர் என்றால் மூன்று மடங்கு இல்லை, ஒன்பது மடங்கு, இருபத்தைந்து கிலோ. அதைத் தாங்க ஓட்டையின் விளிம்பு மட்டும் மூன்று மடங்குதான் நீண்டிருக்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் விளிம்பும் முன்பைவிட மூன்று மடங்கு இழுபடும். காற்றழுத்தம் இம்மியும் கூடவில்லை. ஓட்டை அகன்றதற்கே இந்தத் தண்டனை.

இதே கணக்கில்தான் இன்னொரு பழைய புதிரும் அவிழ்கிறது. பெட்ரோல் பங்கில் காருக்கு 30 பாயிண்ட் காற்று பிடிக்கிறார்கள். ஒல்லியான சைக்கிள் டயருக்கு 50, பந்தய சைக்கிள் என்றால் 100 வரைகூட. ஒரு டன் எடையுள்ள வண்டிக்குக் குறைவாகவும் பதினைந்து கிலோ வண்டிக்கு அதிகமாகவுமா? டயரின் உடம்பு இழுபடுவது அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அழுத்தத்தோடு டயரின் பருமனையும் பெருக்க வேண்டும். 30 பாயிண்ட் அடைத்த குண்டுக் கார் டயரின் இழை, 50 பாயிண்ட் அடைத்த சைக்கிள் டயரின் இழையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் அதற்குள் அத்தனை அடுக்கு, எஃகுக் கம்பிகள் வேறு. பந்தய டயர் ஒல்லியாக இருப்பதாலேயே மெல்லிய துணியோடு 100 பாயிண்ட்டைச் சமாளிக்கிறது.

இழுபடும் அளவை ‘இழுவிசை’ என்கிறார்கள். இழுவிசையும் வளைவும் எப்படிக் கூட்டாளிகள் என்பதற்கு மொட்டைமாடிக் கொடியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. துணி காயப்போடும் கயிற்றைத் தொய்வாகக் கட்டி, நடுவில் ஈர வேட்டியைப் போடுங்கள். கயிறு ஆழமாக வளையும், ஆணிக்கு ஒரு சிரமமும் இருக்காது. அதே கயிற்றை விறைப்பாக, கோடு போட்டாற்போல் கட்டிவிட்டு அதே வேட்டியைப் போடுங்கள். ஆணி பிடுங்கிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் கயிறு அறும். வேட்டியின் எடை மாறவில்லை. நன்றாக வளைந்த கயிறு வேட்டியை நேரே மேல்நோக்கித் தூக்குகிறது. தட்டையான கயிறு பக்கவாட்டில் இழுத்தே மேல்நோக்கிய சிறு தூக்கலைத் தேற்ற வேண்டியிருப்பதால், பல மடங்கு இழுபடுகிறது. வளைவு கூடினால் இழுவிசை குறையும், தட்டையானால் கூடும்.

கொடிக்கு வேட்டி எப்படியோ, ரப்பர்ச் சவ்வுக்குக் காற்று அப்படி. இந்த உறவை 1805-ல் இங்கிலாந்தின் தாமஸ் யங் என்ற மருத்துவரும், 1806-ல் பிரான்சின் லாப்லாஸ் என்ற கணித மேதையும் தனித்தனியாக எழுதிவைத்தார்கள். அவர்கள் பார்த்தது டயரை அல்ல, நீர்த்துளியின் தோலை. ஒரு பெரிய பலூனையும் அதைவிடச் சிறியதாக ஊதிய ஒரு பலூனையும் சிறு குழாயால் இணைத்தால், காற்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும் என்றுதான் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் தோற்போம். சிறியது சுருங்கிப் பெரியதற்குள் காற்றைத் தள்ளிவிடும். இறுக்கமான வளைவுள்ள சின்னப் பலூனுக்குள்தான் அழுத்தம் அதிகம். பலூன் ஊதும்போது முதல் ஊதலில் கன்னம் வலிக்கும், பாக்கு அளவைத் தாண்டிவிட்டால் தானாக ஊதிக்கொண்டு போகுமே, அதுவும் இதன் வேலைதான்.

இப்போது புளியமரத்தடிக்குத் திரும்பலாம். மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய்.

வெட்டின் வாயில் டியூப் முதலில் தட்டையாக இருக்கிறது. விறைப்பான கொடி மாதிரி, இழுவிசை எகிறும் நிலை. ஆனால் ரப்பர் நீளக்கூடியது. அது கொஞ்சம் வெளியே பிதுங்குகிறது. பிதுங்கினால் வளைவு கூடுகிறது, நிலைமை சற்றுத் தேவலை. மிளகு. இன்னும் காற்றடித்தால் இன்னும் பிதுங்கி, வளைவு இன்னும் இறுகி, அந்த அழுத்தத்துக்கும் ஈடுகொடுக்கிறது. சுண்டைக்காய். இப்படியே போய்க் கொப்பளம் சரியாக அரைப்பந்து வடிவம் எடுக்கும்போது, அந்த ஓட்டையில் சாத்தியமான மிக இறுக்கமான வளைவை அது எட்டிவிடுகிறது. கதை திரும்புவது அங்கேதான். அரைப்பந்தைத் தாண்டி வளர்ந்தால் பந்து ஓட்டையைவிட அகலமாகிறது. அகன்றால் வளைவு தளர்கிறது. வளைவு தளர்ந்தால் இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடினால் ரப்பர் மேலும் நீண்டு மெலிந்து பந்து மேலும் அகல்கிறது. பம்பைக் கீழே போட்டுவிட்டாலும் அது நிற்காது. மீதி டியூப்பிலிருக்கும் காற்று முழுவதும் அந்த ஒரு கொப்பளத்தை ஊதக் காத்திருக்கிறது. நெல்லிக்காயை நான் அரை வினாடிக்குமேல் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அது.

இது வெறும் ஊகமில்லை. திரவங்களின் பரப்பு எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மெல்லிய குழாயின் நுனியைத் திரவத்துக்குள் விட்டு, குமிழி வரும்வரை காற்றைத் தள்ளி, அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குமிழி அரைப்பந்தாகும் நொடியில் உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டியதும் விழும். குமிழி தானாகப் பெருத்துக் கழன்று மேலேறிவிடும். அந்த உச்ச அளவை வைத்தே பரப்பு இழுவிசையைக் கணக்கிடுகிறார்கள். தண்ணீருக்குள் நடப்பதும் என் டயர்ச் சுவரில் நடந்ததும் ஒரே நாடகம், ரப்பருக்கு வேஷம் மட்டும் கொஞ்சம் கனம்.

பெரிய பேட்ச் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரியும். பேட்சும் ரப்பர். டியூப் நீண்டால் சேர்ந்து நீள வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓட்டைக்கு அவசியமாயிருந்தது நீளாத ஒன்று.

அங்கேதான் நோட்டு வருகிறது. இந்திய ரூபாய் நோட்டின் தாள் முழுக்கப் பருத்தியால் ஆனது என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. மரக்கூழ்த் தாளைவிட நீண்ட இழைகள். மடித்து மடித்து, மடியில் செருகி, வியர்வையில் ஊறி, வேட்டியோடு சேர்த்துத் துவைத்தாலும் கரையாத தாள். டன்லப் லினனைச் சுற்றினார், பெரியவர் பருத்தியை வைத்தார். அறுந்த துணிக்கு மாற்று இன்னொரு துணி, அவ்வளவுதான்.

‘தாளைத்தான் சுலபமாகக் கிழிக்கலாமே’ என்று கேட்கலாம். கிழிப்பது வேறு, இழுப்பது வேறு. ஒரு நோட்டுப்புத்தகத் தாளின் இரண்டு எதிர் ஓரங்களையும் முழுதாகப் பற்றிக்கொண்டு நேராக இழுத்து அறுக்க முயன்று பாருங்கள், முகம் சிவக்கும். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் நகத்தால் கீறிவிட்டு இழுத்தால் சர்ரென்று வரும். கீறலின் நுனியில் இழுவிசை முழுதும் போய்க் குவிந்து, ஒவ்வொரு இழையாக அறுத்துக்கொண்டு போகிறது. தாளைக் கிழிக்கும்போது நம் விரல்கள் செய்வது இதைத்தான். டயருக்குள் நோட்டுக்குக் கீறலும் இல்லை, ஓரத்தில் பிடித்துத் திருகுபவரும் இல்லை. நாலு மடிப்பாக நின்று, நடுவில் ஒரு பருப்புப் பாக்கெட்டின் தள்ளலை மட்டும் தாங்குகிறது. தட்டையாக இருப்பதால் கொடிக்கயிற்றின் விதிப்படி அதற்கு இழுவிசை கூடுதல்தான். ஆனால் கூடுதலாகத் தாங்கும் தெம்பும் அதற்கு உண்டு.

பசை? ஒட்டவே இல்லை. இப்போதுள்ள பத்து ரூபாய் நோட்டு 123 மில்லிமீட்டருக்கு 63 மில்லிமீட்டர். நாலாக மடித்தால் ஏறக்குறைய 19 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ என்றால், அந்த மடிப்பை டயரோடு சேர்த்து அழுத்துவது 66 கிலோ. ஒரு ஆள் ஏறி அதன்மேல் நின்றால் நோட்டு எங்கே நழுவும்? எந்தக் காற்று அதை வெளியே தள்ளப் பார்க்கிறதோ, அதே காற்றுதான் அதைப் பிடித்தும் வைத்திருக்கிறது. நம் சைக்கிளின் வால் டியூப்பிலும் இதே தந்திரம் உண்டு. பம்பு தள்ளும்போது காற்று அந்தச் சின்ன ரப்பர் உறையை நெகிழ்த்திக்கொண்டு உள்ளே போகிறது. திரும்பிவர முயன்றால், அந்த முயற்சியே உறையைத் துளைமேல் அழுத்தி மூடிவிடுகிறது.

ஊர் திரும்பியதும் எனக்கு அரிப்பு நிற்கவில்லை. வெட்டு விழுந்த அந்தப் பழைய டயரைக் காஞ்சிபுரத்துக் கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். வீட்டில் கிடைத்ததையெல்லாம் அந்த வெட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். பால் கவர் மேல்தான் நம்பிக்கை அதிகம் வைத்திருந்தேன், எளிதில் கிழியாதே என்று. நாலாக மடித்து வைத்து, இரவு 50 பாயிண்ட் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் வெட்டின் வாயில் வெள்ளையாக ஒரு கொப்பளம். இந்த மாதிரி பிளாஸ்டிக், பளு ஏறிய உடனே அறுவதில்லை. ஆனால் பளு இருக்கிறவரை மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். பொறியாளர்கள் ‘க்ரீப்’ என்பார்கள். ‘மெல்நீட்சி’ என்று வைத்துக்கொள்வோம். கனமான புத்தகங்களை அடுக்கிய பிளாஸ்டிக் அலமாரித் தட்டு ஒரு வருஷத்தில் நடுவில் தொங்கிப்போவது அதனால்தான். தண்ணீர் பாட்டிலில் வெட்டிய துண்டு இதற்கு நேர்மாறு. அது நீளவே இல்லை, ஓட்டையை அழகாக மறைத்தது. அதைப் போட்டுச் சக்கரத்தை ஓட்டியபோது மூன்றாம் நாள் புது பஞ்சர். வெட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை, துண்டின் மூலையில். வெட்டிய பிளாஸ்டிக்கின் மூலை சிறு கத்தி. சக்கரம் சுற்றச்சுற்ற அது டியூப்பைச் சுரண்டியிருக்கிறது. மூலைகளை வட்டமாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்துவிட்டு வைத்தால் பரவாயில்லை. பழைய டயரிலிருந்து மெலிதாக வெட்டிய துண்டுதான் எல்லாவற்றையும்விட உத்தமம். சைக்கிள் கடைக்காரர்கள் வைப்பதும் அதுதான். நீளக்கூடாது, ஆனால் வளைய வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள் வீட்டில் எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேட ஆரம்பித்தால் ஜீன்ஸ் துணி, பெல்ட் தோல், கட்டுப்போடும் துணிப்பட்டை என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

வளைய வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் போகும். காஞ்சிபுரம் போவதற்குள் அந்த நோட்டு தரைப்பக்கம் வந்து, டயரோடு நசுங்கி, நிமிர்ந்தது எட்டாயிரம் முறை.

அதே கொப்பளத்தை இன்னோர் இடத்தில் பார்க்க, டயரை விட்டு இப்போது மனித வயிற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பி வயிற்றின் பின்புறமாக இறங்கும் பெருந்தமனி சுமார் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய். வயதானவர்கள் சிலருக்கு, குறிப்பாகப் புகைபிடிப்பவர்களுக்கு, அதன் சுவரில் ஓரிடம் நைந்து வெளியே புடைக்கும். புடைத்தால் விட்டம் கூடும். விட்டம் கூடினால் அதே ரத்த அழுத்தத்துக்குச் சுவர் மேலும் இழுபடும். இழுபட்டால் மேலும் புடைக்கும். நெல்லிக்காய்க் கதைதான், வருஷக்கணக்கில் நடக்கிறது. ஆண்களுக்குப் புடைப்பு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் மருத்துவர்கள் பொதுவாகச் சிகிச்சையைப் பேச ஆரம்பிக்கிறார்கள். வெடித்தால் பிழைப்பது அரிது.

1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கெட்டுப்போன தமனிக்கு மாற்றாகத் துணிக்குழாய் வைத்துப் பார்க்க நினைத்தார். துணி வாங்கக் கடைக்குப் போனார். நைலான் கேட்டார், தீர்ந்துவிட்டது. புதிதாக வந்த டேக்ரானைக் கொடுத்தார்கள். டேக்ரான் வேறொன்றுமில்லை, நம்மூரில் டெரிலின் என்று பெயர் போட்டுச் சட்டை தைத்துக்கொண்டோமே, அந்தப் பாலியெஸ்டரேதான். வீட்டில் மனைவியின் தையல் மிஷினில் உட்கார்ந்து அதைக் குழாயாகத் தைத்தார். தையல் அவருக்குச் சிறுவயதில் அம்மா கற்றுக்கொடுத்தது. அந்தக் குழாய் உடம்புக்குள் நன்றாக வேலை செய்தது. நைலான் கிடைத்திருந்தால் இவ்வளவு நன்றாக அமைந்திராது. அது உடம்புக்குள் நாளடைவில் நலிந்துவிடும்.

ஆனால் அதை வைக்க வயிற்றை முழுதாகத் திறக்க வேண்டும். 1990-ல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரத்தில் ஹுவான் பரோடி என்ற மருத்துவர் வேறு வழி பார்த்தார். டேக்ரான் குழாயைச் சுருட்டி, தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக உள்ளே செலுத்தி, புடைப்புக்கு நேராகக் கொண்டுபோய், கம்பிவலையை விரித்து அங்கே நிற்கவைத்தார். நைந்த சுவரைத் தைக்கவில்லை, தொடவே இல்லை. உள்பக்கமாக, அழுத்தத்துக்கும் நைந்த சுவருக்கும் நடுவில், நீளாத துணி ஒன்று. இந்த விவரத்தை முதலில் படித்தபோது புல்லுக்கட்டுப் பெரியவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

மறுபடி டயருக்கு வந்தால், நோட்டால் ஆகாத இடங்களும் உண்டு. டயரின் ஓரத்தில், ரிம்முக்குள் உட்காரும் கம்பி அறுந்துவிட்டால் என்ன வைத்தாலும் நிற்காது. டயர் முழுதையும் ரிம்மோடு பிடித்துவைப்பது அந்தக் கம்பிதான். வெட்டு கட்டைவிரல் அகலத்தைத் தாண்டினால் அந்த ஒன்பது மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும். முன்சக்கரத்தில் நோட்டை வைத்துக்கொண்டு மலையிறக்கத்தில் வருவது மடத்தனம். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு இழுவிசையும் குறையும்.

டியூப்பே போய்விட்டால்? பெரியவரிடம் அதையும் கேட்டிருந்தேன். தன் கேரியரைக் காட்டிச் சிரித்தார். அவர் வயசில் டயருக்குள் வைக்கோலையும் புல்லையும் திணித்து ஓட்டியிருக்கிறாராம். முடியும்தான். ஆனால் காற்றை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தத்தை டயர் முழுக்கப் பங்குபோட்டுக்கொண்டு, விட்டவுடன் பழையபடி நிமிரும். புல் அழுத்திய இடத்தில் அழுந்தியே கிடக்கும், அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கித் திணித்துக்கொண்டே போக வேண்டும். “மாட்டுக்குப் போவ மிச்சம் இருந்தாத்தான் டயருக்கு” என்றார்.

காஞ்சிபுரத்தில் முதலில் கண்ணில் பட்ட சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்காரர் டயரைக் கழற்றினார். நோட்டு வெளியே விழுந்தது. டால்கம் பவுடரும் கருப்பும் அப்பி, நடுவில் வெட்டின் அச்சு மாங்கொட்டை வடிவில் அழுத்தமாகப் பதிந்திருந்தது, கிழிசல் ஒன்றும் இல்லை. அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், தொடையில் வைத்து நீவினார், கல்லாவில் போட்டார். புது டயருக்குக் காசு கொடுக்கும்போது பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.